வெளிநாட்டில் கோடைக்காலப் புவியியல் களப்பயணம்: விண்ணப்பம் முதல் கிரெடிட் கைக்கு வரும்வரை

பல்கலைக்கழகம் நடத்தும் கோடைக்காலக் களப்பயணத்தில் உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற மின்னஞ்சல் வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. படிப்பு இரண்டு மூன்று வாரம்தான். ஆனால் அதற்கான காகித வேலை ஒரு முழு ஆண்டுப் படிப்புக்கு வேண்டியதைவிடக் குறைவில்லை. நீங்கள் சுற்றுலாப் பயணியும் அல்ல, முழுநேர வெளிநாட்டு மாணவரும் அல்ல. இந்த இரண்டுங்கெட்டான் நிலையால் விசா மையம், காப்பீட்டு நிறுவனம், சொந்தக் கல்லூரி அலுவலகம் என்று ஒவ்வோர் இடத்திலும் உங்களை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாமல் அலைக்கழிக்கிறார்கள். நானும் அப்படி அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான படிகள் எந்த நாட்டுக்கும் பொருந்தும். ஒரே விசாவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளைப் பற்றி மட்டும் கூடுதலாக எழுதியிருக்கிறேன். ஆல்ப்ஸ் பனியாறுகள், ஐஸ்லாந்து எரிமலைகள், நார்வே மலைகள், தெற்கு ஸ்பெயினின் வறண்ட நிலங்கள் என்று புவியியல் துறைகள் மாணவர்களை விரும்பி அழைத்துப் போகும் களங்கள் பலவும் அந்த எல்லைக்குள் இருக்கின்றன.

1. நடத்துவது யார், கிரெடிட் தருவது யார்?

களப்பயணங்கள் மூன்று வகையாக வருகின்றன. உங்கள் துறையே தன் பேராசிரியர்களுடன் அழைத்துப்போவது ஒன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தன் கோடைப் பள்ளியில் வெளி மாணவர்களைச் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. தனியார் அமைப்பு ஏற்பாடு செய்து, ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை அதில் சேர்த்துக்கொள்வது மூன்றாவது. மூன்றாவது வகையில் நல்ல பயணங்களும் உண்டு. ஆனால் பணம் கட்டும் முன் அதிகம் விசாரிக்க வேண்டியது அங்கேதான்.

விசாரிக்கும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: முடிவில் கிடைப்பது பங்கேற்புச் சான்றிதழா, பல்கலைக்கழகம் தன் பெயரில் வெளியிடும் மதிப்பெண் பட்டியலா? சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். உங்கள் பட்டப்படிப்பில் கிரெடிட்டாகச் சேர்க்க வேண்டுமானால் மதிப்பெண் பட்டியல்தான் செல்லும்.

கிரெடிட் கணக்கையும் நீங்களே சரிபார்த்துவிடலாம். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 5 கிரெடிட் என்றால் 125 முதல் 150 மணி நேரம். முன்வாசிப்பு, இரண்டு வாரக் களப்பணி, திரும்பிய பின் எழுதும் அறிக்கை மூன்றையும் சேர்த்தால் அது நியாயமான கணக்கு. பத்தே நாளில் 10 கிரெடிட் என்று யாராவது விளம்பரம் செய்தால், குறைந்தது 250 மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நாளொன்றுக்கு 25 மணி நேரம் யாராலும் படிக்க முடியாது. பயணத்துக்கு முன்னும் பின்னும் என்ன வேலை தருகிறார்கள் என்பதை அவர்களால் விளக்க முடிந்தால் மட்டுமே அந்தக் கணக்கை நம்புங்கள்.

பாடத்திட்டம், மணிநேரக் கணக்கு, மதிப்பிடும் முறை ஆகிய மூன்றையும் வாங்கி உங்கள் துறைத் தலைவரிடம் கொடுத்து, "இதற்கு இத்தனை கிரெடிட் ஏற்போம்" என்று எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். இது புறப்படுவதற்கு முன்பே நடக்க வேண்டும். திரும்பி வந்து கேட்டால், "முன்கூட்டியே சொல்லவில்லையே" என்ற பதில்தான் கிடைக்கும். வாய்மொழிச் சம்மதத்தை நம்ப வேண்டாம். கோடை விடுமுறைக்குள் பேராசிரியர்களின் பொறுப்புகள் மாறிவிடக்கூடும்.

களத்தின் தன்மையையும் இப்போதே பாருங்கள். ஆஸ்திரியாவின் ஓபர்குர்க்லில் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தின் மையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,930 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போவதென்றால் தினமும் மலையேற்றம்தான். ஸ்பெயினின் அல்மேரியா அருகிலுள்ள தபெர்னாஸ் வறண்ட நிலத்தில் அரிப்பு நிலவடிவங்களைப் படிக்கப் போனால் கடும் வெயிலைச் சமாளிக்க வேண்டும். பார்சிலோனா போன்ற நகரத்தில் பழைய தொழிற்பேட்டைகள் எப்படி மாறின என்று ஆராயும் பயணத்தில் மலையேற்றம் கிடையாது. அங்கே நாள் முழுவதும் தெருத்தெருவாக நடந்து, முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டியிருக்கும். மூன்றுக்கும் தேவையான உடல்வலிமையும் செலவும் தயாரிப்பும் வேறுவேறு.

2. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

களப்பயணத்தின் தேதியை யாருக்காகவும் நகர்த்த மாட்டார்கள். ஆல்ப்ஸின் உயரமான பாதைகளில் ஜூன் மாத இறுதியிலும் பனி கிடக்கும். ஐஸ்லாந்தின் உள்நிலத்து மலைச்சாலைகள் ஜூன் நடுப்பகுதியிலிருந்துதான் ஒவ்வொன்றாகத் திறக்கும். அதனால் பயணங்கள் எல்லாம் ஒரு குறுகிய இடைவெளிக்குள் நெருக்கியடித்து வருகின்றன. விசா தாமதமானால் நீங்கள்தான் இடத்தை இழப்பீர்கள்.

எனவே களத்தின் முதல் நாளைக் காலண்டரில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒன்பது மாதம் முன்பு பாஸ்போர்ட்டைப் பாருங்கள். புதுப்பிக்க வேண்டுமென்றால் அப்போதே செய்துவிடுங்கள். ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சட்டப்படிக் கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவெடுக்க அவர்களுக்குப் பொதுவாக 15 நாள் உண்டு, தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். இந்த 15, 45 எல்லாம் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு ஓடத் தொடங்கும் கணக்கு. விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதற்கே கோடைக்கு முந்தைய மாதங்களில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கல்லூரித் தேர்வு அட்டவணையோடு மோதுகிறதா என்றும் பாருங்கள். தேர்வு தள்ளிப்போகும் வழக்கமுள்ள பல்கலைக்கழகமாக இருந்தால், ஜூன் தொடக்கப் பயணத்தைவிட ஜூலை இறுதிப் பயணமே பாதுகாப்பானது.

3. சேர்க்கைக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். விசா வகை, விசாக் கட்டணம், எல்லை அதிகாரியின் கேள்விகள், காப்பீடு, கிரெடிட் எல்லாமே அந்த ஒரு பக்கக் கடிதத்தில் எழுதியிருக்கும் சொற்களைப் பொறுத்துத்தான் அமைகின்றன.

எனக்கு வந்த கடிதத்தில் "கோடைப் பயணம்" என்று மட்டுமே இருந்தது. படிப்பு என்ற சொல்லே இல்லை. விண்ணப்ப மையத்தில் அதைச் சுற்றுலா வகையில் சேர்த்தார்கள். திருத்திய கடிதம் கேட்டு எழுதி, அது வரும்வரை காத்திருந்து, மறுபடி நேரம் வாங்கி, வரிசையில் நின்றேன். பத்து நிமிடத்தில் எழுதக்கூடிய நான்கு வரிகள் இல்லாததால் வந்த வினை அது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். நீங்கள் மாணவராகச் சேர்க்கப்பட்டிருக்கிறீர்கள் என்ற தெளிவான வாக்கியம். படிப்பின் பெயர், கிரெடிட் எண்ணிக்கை, தொடங்கும் நாள், முடியும் நாள். தங்குமிடத்தின் முகவரி, களம் மாறிக்கொண்டே இருந்தால் எந்தெந்த நாள் எங்கே என்ற பட்டியல். கட்டணத்தில் என்னென்ன அடங்கும், அதில் எவ்வளவு செலுத்திவிட்டீர்கள் என்ற விவரம். பொறுப்பாளரின் பெயர், பதவி, தொலைபேசி எண், கையொப்பம், பல்கலைக்கழகத்தின் தலைப்புத்தாள்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தலைப்பெழுத்தோ தந்தை பெயரோதான் உண்டு. விண்ணப்பப் படிவத்தின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எதையாவது போட்டு நிரப்பினால், கடிதத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விமான டிக்கெட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். இணையப் படிவம் அனுமதிக்காவிட்டால், பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை இணைத்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

இதற்கு இணையான இன்னொரு கடிதம் உங்கள் சொந்தக் கல்லூரியிலிருந்து வேண்டும். நீங்கள் அங்கே படிக்கிறீர்கள், இந்தத் தேதிகளில் களப்பயணத்துக்குப் போக அனுமதித்திருக்கிறோம், இன்ன தேதியில் அடுத்த பருவம் தொடங்குகிறது என்று அதில் இருக்க வேண்டும். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று மாணவர்களிடம் வேறு எதுவும் இருப்பதில்லை.

4. விசா

முதலில் விசா வேண்டுமா என்று பாருங்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமலேயே தங்கலாம். மூன்று வாரக் களப்பயணத்துக்கு வேண்டியது 90 நாளுக்கு உட்பட்ட குறுகியகால விசா. நீண்டகால மாணவர் விசா பக்கம் போய்க் குழம்ப வேண்டாம்.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது? அதிக நாள் தங்கும் நாட்டில். இரண்டு நாடுகளில் சமமாகத் தங்கினால் முதலில் நுழையும் நாட்டில். விமானம் எங்கே இறங்குகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிராங்பர்ட்டில் இறங்கிச் சுவிட்சர்லாந்தில் பத்து நாள் களப்பணி செய்வீர்கள் என்றால் விண்ணப்பம் சுவிட்சர்லாந்துக்குத்தான். நீங்கள் இப்போது சட்டப்படி வசிக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் விதி. சொந்த நாட்டுக்கு வெளியே படித்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாஸ்போர்ட், நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். அத்துடன் படிவம், புகைப்படம், மேலே சொன்ன இரண்டு கடிதங்கள், காப்பீடு, தங்குமிடச் சான்று, போக்குவரத்து முன்பதிவு, பணச் சான்று. கைரேகை கொடுப்பதற்காக நேரில் போக வேண்டும். கடந்த 59 மாதங்களுக்குள் ஷெங்கன் விசாவுக்காகக் கைரேகை கொடுத்திருந்தால் பொதுவாக மறுபடி எடுக்க மாட்டார்கள்.

இனிக் கட்டணம். 2024 ஜூன் 11 முதல் ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ போகும் மாணவர்களுக்கும், உடன் போகும் ஆசிரியர்களுக்கும் இந்தக் கட்டணம் கிடையாது. ஷெங்கன் விசாச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலாவைக் குறித்தால் இந்தச் சலுகை போய்விடும். படிப்பு என்பதைக் குறியுங்கள். கவுன்ட்டரில் கட்டணம் கேட்டால், தூதரகத்தின் விலக்குப் பட்டியலை அச்சிட்டு வைத்துக்கொண்டு பணிவாகக் காட்டுங்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் வேறு. அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். அது பொதுவாக விசாக் கட்டணத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. விரைவு வரிசை, குறுஞ்செய்தித் தகவல், படிவம் நிரப்பும் உதவி என்று மையத்தில் விற்கும் மற்ற சேவைகள் எதுவும் கட்டாயம் அல்ல.

அடுத்தது புவியியல் மாணவர்கள் மட்டுமே மாட்டிக்கொள்ளும் பொறி: எல்லை தாண்டும் களங்கள். ஒருமுறை நுழையும் விசா வைத்திருப்பவர் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறினால் மறுபடி உள்ளே வர முடியாது. ஜெனீவாவிலிருந்து ஷமொனி போய் பனியாறு பார்த்துத் திரும்புவதில் சிக்கல் இல்லை, சுவிட்சர்லாந்தும் பிரான்ஸும் ஷெங்கன் நாடுகளே. குரோவேஷியக் கடற்கரையில் களப்பணி செய்துவிட்டு மொண்டெனெக்ரோவுக்குப் போனால் வெளியேறியதாகக் கணக்கு. ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்ட் இன்னும் நுட்பமானது. அது நார்வேயின் ஆட்சிக்குட்பட்டது, ஆனால் ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருக்கிறது. அங்கே தங்க விசா தேவையில்லை. ஆனால் போகும்போதும் வரும்போதும் நார்வே நிலப்பகுதி வழியாகத்தான் விமானம். அங்குள்ள லாங்கியர்பியன் ஊரின் பல்கலைக்கழக மையத்தில் கோடைப் படிப்புக்குப் போகிறவர் இரண்டு முறை நுழையும் ஷெங்கன் விசா வாங்காவிட்டால் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வார். களப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எல்லைக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

ஷெங்கனுக்கு வெளியே விதிகள் வேறு. பிரிட்டனில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் ஆறு மாதம் வரையிலான படிப்புக்குச் சாதாரண வருகையாளர் விசாவே போதும். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வருகையாளர் விசாக்களில் மூன்று மாதம் வரை படிக்கலாம். அமெரிக்காவில் மட்டும் கவனமாக இருங்கள். கிரெடிட் தரும் படிப்பைச் சுற்றுலா விசாவில் படிக்க முடியாது. அதற்கு மாணவர் விசாவோ பரிமாற்ற விசாவோ வேண்டும், அதற்கான ஆவணத்தைப் பல்கலைக்கழகம்தான் தர வேண்டும்.

மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தருவார்கள். மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. ஆனால் களப்பயணத் தேதிக்குள் மேல்முறையீடு முடிவது அரிது. மறுப்புக்குக் காரணம் விடுபட்ட ஆவணம் என்றால், அதைச் சேர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பதே விரைவான வழி.

5. பணம்

விளம்பரத்தில் இருக்கும் கட்டணம் மொத்தச் செலவு அல்ல. ஐந்து கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: தங்குமிடம் அடங்குமா? எத்தனை வேளை உணவு? களத்துக்குப் போகும் வண்டிச் செலவு? கேபிள் கார், படகு, பூங்கா நுழைவுக் கட்டணம்? கருவிகள் அவர்கள் தருவதா, நீங்கள் கொண்டுவருவதா? மலைப்பகுதிகளில் கேபிள் கார் கட்டணம் மட்டுமே பெரிய தொகையாகிவிடும்.

அடுத்தது, விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்புமா? சில இடங்களில் மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் தருவார்கள். சில இடங்களில் ஒரு தேதிக்குப் பிறகு எந்தக் காரணத்துக்கும் திருப்பித் தருவதில்லை. அந்தத் தேதியையும் காலண்டரில் எழுதுங்கள். விமான டிக்கெட்டைப் பொறுத்தவரை, விசா கைக்கு வரும்வரை திரும்பப்பெற முடியாத டிக்கெட் வாங்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவுச் சான்று போதும் என்று பல தூதரகங்களே சொல்கின்றன.

வங்கி ஸ்டேட்மென்ட்டில் பலரும் செய்யும் தவறு, விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் உறவினரிடமிருந்து பெரிய தொகையைக் கணக்கில் போடுவது. அதிகாரிகள் பார்ப்பது கடைசி மீதியை மட்டும் அல்ல. சில மாதங்களாகப் பணம் எப்படி வந்து போகிறது என்பதையும் பார்க்கிறார்கள். பெற்றோர் செலவை ஏற்கிறார்கள் என்றால் அவர்கள் கையொப்பமிட்ட கடிதம், அவர்களின் வருமானச் சான்று, வங்கி ஸ்டேட்மென்ட், உறவைக் காட்டும் ஆவணம் நான்கையும் நேராகக் கொடுத்துவிடுங்கள். உதவித்தொகை கிடைத்திருந்தால் அந்தக் கடிதம் இவை எல்லாவற்றையும்விட வலுவானது. கட்டணத் தள்ளுபடி கேட்பதற்குத் தயங்காதீர்கள். பல துறைகளில் அதற்கென்று சிறு நிதி இருக்கும். கேட்பவருக்கு மட்டுமே அது தெரியவரும்.

6. காப்பீடு: விசாவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று

ஷெங்கன் விசாவுக்கான காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எல்லா ஷெங்கன் நாடுகளிலும், தங்கும் நாள் முழுவதும் செல்ல வேண்டும். அவசர மருத்துவம், மருத்துவமனைச் செலவு, நாடு திரும்பக் கொண்டுவரும் செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும். மலிவான சுற்றுலாக் காப்பீடுகளே இதற்குப் போதும். விசாவும் கிடைத்துவிடும்.

ஆனால் அந்தக் காப்பீடு களத்தில் உங்களைக் காக்குமா என்பது வேறு கேள்வி. விலக்குகள் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். மலையேற்றம், பனியாற்றில் நடப்பது, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போவது, தேடுதல் மீட்புப் பணி ஆகியவை பல காப்பீடுகளில் விலக்கப்பட்டிருக்கும். சுவிட்சர்லாந்தில் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்டால் அதற்கான ரசீது உங்கள் பெயருக்கு வரும். பல்கலைக்கழகமே குழுக் காப்பீடு எடுத்திருக்கலாம். இருந்தால் அதன் நகலை வாங்கி, வெளி மாணவர்களுக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். "நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்ற பதிலை மட்டும் ஏற்காதீர்கள்.

7. உடல்நலப் படிவத்தை மறைக்காமல் நிரப்புங்கள்

ஆஸ்துமா, ஒவ்வாமை, மூட்டுவலி, மாதவிடாய்க் காலச் சிக்கல், மனப்பதற்றம் எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். சேர்க்கையை ரத்து செய்துவிடுவார்களோ என்று மறைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் படிவத்தின் நோக்கம் அதுவல்ல. எந்த நாள் யார் எந்தப் பாதையில் நடப்பது, கழிப்பறை இல்லாத களத்தில் என்ன ஏற்பாடு, யாரிடம் மருந்து இருக்க வேண்டும் என்றெல்லாம் ஆபத்து மதிப்பீடு எழுதும்போது அவர்களுக்கு அந்தத் தகவல் வேண்டும். அந்த மதிப்பீட்டின் நகலை நீங்களும் கேட்டுப் படிக்கலாம்.

மருந்துகளை மூலப்பெயரோடு எழுதிய மருத்துவர் சீட்டுடன் எடுத்துப்போங்கள். மத்திய ஐரோப்பாவின் புல்வெளிகளிலும் காடுகளிலும் உண்ணிகள் முக்கியமாக இரண்டு நோய்களைப் பரப்புகின்றன: ஒருவகை மூளைக்காய்ச்சல், லைம் நோய். அவற்றில் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. முதல் இரண்டு ஊசிகளுக்கு இடையில் வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாத இடைவெளி தேவை என்பதால், மருத்துவரிடம் வசந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டும். லைம் நோய்க்கு அப்படி ஒரு ஊசி கிடைப்பதில்லை. தினமும் மாலை உடலைப் பார்த்து உண்ணியை உடனே எடுப்பதே வழி.

8. பெட்டியில் எது, கைப்பையில் எது, எது வேண்டாம்

முதல் செலவு காலணிக்கு. கணுக்காலை மூடும் நடை பூட்ஸை வாங்கி, புறப்படும் முன் பல வாரம் போட்டு நடந்து பழகுங்கள். புது பூட்ஸோடு களத்துக்கு வருபவர்களின் பாதம் இரண்டாம் நாளே கொப்பளித்துவிடும். உள்ளாடை, கம்பளி அல்லது ஃபிளீஸ், மழைக்காப்பு மேலாடை என்று அடுக்கடுக்காக உடுத்துங்கள். பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடலைக் குளிரவைக்கும். குளிர் இடம்தானே என்று வெயில்களிம்பை விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. புதிய பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கிறது. கறுப்புக் கண்ணாடியும் தேவைதான்.

பாறைச் சுத்தியல் விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில்தான் இருக்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணிக்கு உட்பட்டதற்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. 20,000 மில்லிஆம்பியர்-மணி பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணி. அடுப்பு எரிவாயுக் குப்பி எந்தப் பையிலும் கூடாது. ட்ரோன் கொண்டுபோக ஆசைப்பட்டால், ஐரோப்பாவில் கேமரா பொருத்திய ட்ரோனை இயக்குபவர் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தனி அனுமதியும் வேண்டும். பேராசிரியர் கேட்டால் தவிர கொண்டுபோகாதீர்கள்.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளைக் களக்குழுக்கள் சாதாரணமாகப் பயன்படுத்துகின்றன. அது நல்ல கருவிதானே என்று வாங்கிக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது குற்றம். அத்தகைய கருவியோடு விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகளே உண்டு.

9. போகும் முன் கற்றுக்கொள்ள வேண்டிய மூன்று

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளைப் பார்த்து நிலத்தைக் கற்பனை செய்யப் பழகுங்கள். களம் நடக்கும் இடத்தின் நிலவரைபடத்தை முன்பே பதிவிறக்கி, தினமும் நடக்கப்போகும் பாதையின் குறுக்குவெட்டைக் காகிதத்தில் வரைந்து பாருங்கள். சுவிஸ் அரசின் நிலவரைபடத் தரவுகள் 2021 மார்ச் முதல் இலவசம்.

இரண்டாவது, ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவு முறைகள். உங்கள் கைபேசி தருவது உலகப் பொது முறை. சுவிட்சர்லாந்திலும் பிரிட்டனிலும் வரைபடங்கள் தங்கள் சொந்த முறையில் இருக்கும். பிரிட்டனில் இரண்டையும் கலந்துவிட்டால் புள்ளி ஏறத்தாழ நூறு மீட்டர் தள்ளி விழும். ஆற்றின் இந்தக் கரையில் எடுத்த மாதிரி அந்தக் கரைக்குப் போய்விடும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பழகுங்கள்.

மூன்றாவது, திசைகாட்டியும் காந்த விலக்கமும், அதாவது முள் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள கோண வேறுபாடும். 10 பாகை பிழை ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 175 மீட்டர் விலகலாகிவிடும். எரிமலைப் பாறைகள் அருகில் இருந்தால் முள்ளே தடுமாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

10. எல்லையில்

சேர்க்கைக் கடிதம், கல்லூரிக் கடிதம், தங்குமிட முகவரி, காப்பீடு, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றின் அச்சுப் பிரதிகள் கைப்பையில் இருக்கட்டும். கைபேசியில் இருப்பது போதாது. விசா இருந்தாலும் அதிகாரி இவற்றைக் கேட்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் கணினியில் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. முதல்முறை நுழைபவருக்கு நேரம் பிடிக்கும். அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேர இடைவெளி வைத்து டிக்கெட் எடுக்க வேண்டாம். முழுக் குழுவும் கிளம்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தால் முதல் நாளே போய்ச் சேருங்கள்.

நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போனால் பூட்ஸையும் கூடாரத்தையும் மண் துளிகூட இல்லாமல் கழுவி, வருகை அட்டையில் அறிவியுங்கள். நியூசிலாந்தில் அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

11. களத்தில்

களக்குறிப்பேடுதான் மதிப்பெண். பென்சிலால் எழுதுங்கள், மை மழையில் கரையும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தேதி, நேரம், ஆயத்தொலைவு, வானிலை, யார் அளந்தது என்று எழுதிவிட்டு அதன் பிறகு பார்த்ததை எழுதுங்கள். பார்த்ததையும் அதிலிருந்து ஊகித்ததையும் தனித்தனியாக வையுங்கள். பனியாற்றின் முன் கிடக்கும் கற்குவியலைக் கண்டதும் மொரைன் (பனியாறு கொண்டுவந்து குவித்தது) என்று எழுதிவிடாமல், கற்களின் அளவு, கூர்மை, அடுக்கு இருக்கிறதா இல்லையா என்று முதலில் எழுதுங்கள். பேராசிரியர்கள் தேடுவது அந்த வரிகளைத்தான். மாலையில் பக்கங்களைப் படமெடுத்து வேறு இடத்தில் சேமியுங்கள்.

மக்களிடம் பேட்டி எடுக்கும் பயணமென்றால், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறை ஒப்புதல் புறப்படும் முன்பே வேண்டும். பேசுபவர்களின் சம்மதம் இல்லாமல் ஒலிப்பதிவு செய்யாதீர்கள். அவசரம் என்றால் ஐரோப்பா முழுவதும் 112.

12. திரும்பிய பின்

மண் மாதிரிகளை விருப்பப்படி கொண்டுவர முடியாது. பெரும்பாலான நாடுகள் வெளிநாட்டு மண்ணை அனுமதி இல்லாமல் உள்ளே விடுவதில்லை. தேசியப் பூங்காக்களிலிருந்து கல் எடுப்பதே பல இடங்களில் தடை. தேவையான பகுப்பாய்வை அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்திலேயே முடித்து, எண்களை மட்டும் கொண்டுவாருங்கள்.

அறிக்கையின் கடைசி நாள் பெரும்பாலும் நீங்கள் ஊர் திரும்பிச் சில வாரங்களில் வரும். அதற்குள் உங்கள் அடுத்த பருவம் தொடங்கிவிடும். அறிக்கை கொடுக்காதவருக்குக் கிரெடிட் கிடையாது. முழுக் களப்பணியையும் செய்துவிட்டு இந்த இடத்தில் கோட்டைவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வரைபடங்களையும் அட்டவணைகளையும் களத்திலேயே முடித்துவிடுங்கள்.

மதிப்பெண் பட்டியலைக் கேட்டு நீங்களே எழுத வேண்டும்; தானாக வராது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் இருக்கிறதா, கிரெடிட் எண்ணிக்கை உங்கள் துறைத் தலைவர் எழுதிக்கொடுத்த ஒப்புதலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் நேராக உங்கள் துறைக்கு ஒரு பிரதியை அனுப்பச் சொல்லுங்கள். இன்னொரு பிரதி உங்களுக்கு. துறைக்குப் பிரதி போனதும், புறப்படும் முன் வாங்கிய ஒப்புதல் கடிதத்தின் நகலை நீங்கள் அங்கே கொடுங்கள். கிரெடிட் உங்கள் மதிப்பெண் பதிவில் ஏறிவிட்டதை நீங்களே பார்க்கும்வரை அந்தக் கோப்பை மூடாதீர்கள்.